ஊரோடு ஒத்துப்போவதும் முரண்டு பிடிப்பதும்: புதிய சமூக நெறி வரும்போது குணம் என்ன செய்கிறது?

2020 மார்ச்சில் மாஸ்க் போட்டுக்கொண்டு கடைக்குப் போனவரைத் தெரு வேடிக்கை பார்த்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் போடாமல் வந்தவரை முறைத்தது. தமிழ்நாட்டில் அதற்கு 200 ரூபாய் அபராதமும் வந்துவிட்டிருந்தது. 2023இல் மறுபடியும் போட்டவர்தான் கூட்டத்தில் தனியாகத் தெரிந்தார். மூன்று ஆண்டுக்குள் ஒரு சமூக நெறி பிறந்து, சட்டமாகி, கரைந்தும் போய்விட்டது.

அந்த நாட்களில் இரண்டு வசவுகள் தாராளமாகப் புழங்கின. போட்டவர்கள் 'ஆட்டுமந்தை', போடாதவர்கள் 'திமிர் பிடித்தவர்கள்'. இரண்டுக்கும் அடியில் இருந்தது ஒரே நம்பிக்கைதான்: மனிதர்களில் அடங்குகிற ரகம் ஒன்று, அடங்காத ரகம் ஒன்று. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் உளவியல் ஆய்வுகளில் இப்படி இரண்டு ரகம் கிடைக்கவில்லை. ஒருவர் எவ்வளவு சீக்கிரம் மாறுவார், எந்தக் காரணத்துக்காக மாறுவார், யார் சொன்னால் மாறுவார் என்பதைக் குணம் ஓரளவு தீர்மானிக்கிறது. மற்றதைச் சூழல் பார்த்துக்கொள்கிறது.

பந்தியில் எப்போது எழுந்திருப்பது?

கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்ததும் யாரும் சட்டென்று எழுவதில்லை. மோர்சாதம் சாப்பிட்ட கை காய்ந்த பிறகும் பக்கத்து இலையை ஓரக்கண்ணால் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். எழக்கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்காது. எழுந்தால் யாரும் அபராதம் போடப்போவதில்லை. இப்படி ஒரு குழுவில் எழுதி வைக்காமலே எல்லோரும் எதிர்பார்க்கும் நடத்தைக்குப் பெயர் சமூக நெறி.

இதற்குள் இரண்டு பகுதிகள் உண்டு. மற்றவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பது நடப்பு நெறி. எது சரி, எது மரியாதை என்று கருதுகிறார்கள் என்பது ஏற்பு நெறி. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1990இல், பொது இடத்தில் குப்பை போடும் பழக்கத்தை வைத்துச் செய்த சோதனைகளில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். பந்தி மாதிரி பழைய நெறிகளில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும்: எழாமல் இருப்பதுதான் மரியாதை, யாரும் எழுவதும் இல்லை.

புதிய நெறியில் இரண்டுக்கும் இடையே இடைவெளி விழுகிறது. மாஸ்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் ஆரம்பத்தில் ஆரோக்கியமானவர்களுக்கு மாஸ்க் தேவையில்லை என்றது. 2020 ஜூன் 5இல்தான் பொது இடங்களில் துணி மாஸ்க் போடச் சொல்லும் வழிகாட்டல் வந்தது. உத்தரவு ஒன்று சொல்ல, தெரு வேறொன்று செய்ய, போன வாரச் செய்தி மூன்றாவதாக ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது.

இந்தக் குழப்பத்தில்தான் குணம் வெளியே வரும். எல்லோருக்கும் விதி தெரியும், மீறினால் என்ன ஆகும் என்பதும் தெரியும் என்றால் அது வலுவான சூழல். அங்கே பத்துக் குணமுள்ள பத்துப் பேரும் ஒரே மாதிரிதான் நடப்பார்கள். விதி தெளிவில்லாத இடம் தளர்ந்த சூழல். அங்கே ஆளுக்கு ஆள் நடத்தை மாறும். உளவியலாளர் வால்டர் மிஷெல் 1970களில் சொன்ன கருத்து இது.

இதுவரை பார்த்தது: நெறி என்பது நடப்பும் ஏற்பும் சேர்ந்தது. புதிய நெறியில் இரண்டும் பொருந்தாமல் கிடக்கும் காலம் ஒன்று உண்டு, குணத்தின் செல்வாக்கு அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

ஆஷ் காட்டிய கோடுகள்

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் செய்த சோதனையைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. முடிவைத் தப்பாகச் சொல்லாதவர்கள்தான் குறைவு. ஒரு அறையில் ஏழு முதல் ஒன்பது கல்லூரி மாணவர்கள். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். 18 சுற்றுகளில் 12இல் அவர்கள் ஒரே குரலில் தப்பான விடை சொல்வார்கள். விடை கண்ணுக்கு முன்னால் பளிச்சென்று தெரியும். தனியாகச் செய்தவர்கள் நூற்றுக்கு ஒன்றுகூடத் தப்பு செய்யவில்லை.

அந்த 12 சுற்றுகளில் வந்த விடைகளில் சுமார் 37 சதவீதம் கும்பலின் தப்பான விடையோடு ஒத்துப்போயின. இதை வைத்து 'மனிதன் மந்தைப் பிராணி' என்று எழுதுகிறார்கள். மீதி 63 சதவீத விடைகள் சரியானவை என்பதும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஒரு சுற்றில்கூட வளையவில்லை. மற்றவர்களில் பெரும்பாலானோர் சில சுற்றில் வளைந்து, சில சுற்றில் நிமிர்ந்து நின்றார்கள்.

சோதனை முடிந்ததும் ஆஷ் அவர்களிடம் பேசிப் பார்த்தார். எனக்கு இந்தப் பகுதிதான் எண்களைவிட முக்கியமாகப் படுகிறது. வளைந்தவர்களில் ஒருவர் 'நான்தான் தப்பாகப் பார்க்கிறேன்' என்று நம்பினார். இன்னொருவர் 'உங்கள் சோதனையைக் கெடுக்க வேண்டாம்' என்று வளைந்தார். மற்றவர்கள் முதல் ஆளைக் கண்மூடித்தனமாகப் பின்பற்றுகிறார்கள் என்று சந்தேகப்பட்டும் சிலர் கூடவே போனார்கள். வளையாதவர்களிலும் அதே கதை: சிலருக்குத் தன் கண் மேல் நம்பிக்கை, சிலரோ 'மற்றவர்கள் சொல்வதே சரியாக இருக்கலாம், ஆனாலும் எனக்குத் தெரிவதைச் சொல்வது என் கடமை' என்று நின்றார்கள்.

வெளியே தெரியும் செயல் ஒன்று, உள்ளே ஓடும் காரணம் பல. மார்ட்டன் டாய்ச், ஹெரால்டு ஜெரார்டு என்ற இரு உளவியலாளர்கள் 1955இல் இதை இரண்டாக வகுத்தார்கள். 'அவர்களுக்குத் தெரிந்திருக்கும்' என்று ஒத்துப்போவது தகவல் அழுத்தம். 'தனித்துத் தெரிந்தால் கேலி செய்வார்கள், ஒதுக்குவார்கள்' என்று ஒத்துப்போவது ஒப்புதல் அழுத்தம். விடையைத் தாளில் எழுதித் தரச் சொன்னபோது ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்ததற்குக் காரணம் இந்த இரண்டாவதுதான். கும்பலில் ஒரே ஒருவர் சரியான விடை சொன்னாலும் போதும், வளைவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிட்டது.

குணம் எங்கே நுழைகிறது?

குணத்தை அளக்க உளவியலில் இன்று பெரிதும் பயன்படுவது ஐந்து பண்புகள் கொண்ட அளவுகோல்: புதுமை நாட்டம், ஒழுங்குணர்வு, கலகலப்பு, இணங்கும் தன்மை, பதற்றத் தன்மை. ஒவ்வொன்றும் எல்லோரிடமும் கூடவோ குறையவோ இருக்கும்.

நெறிகளைப் பொறுத்தவரை இணங்கும் தன்மையும் ஒழுங்குணர்வும்தான் முன்னால் நிற்கின்றன. முதலாவது அதிகம் இருப்பவருக்கு அடுத்தவர் முகம் சுளிப்பதைத் தாங்க முடியாது. இரண்டாவது அதிகம் இருப்பவருக்குச் சொன்ன வேலையைச் சொன்னபடி முடிக்காவிட்டால் உறுத்தும். இருவரும் புதிய நெறியை ஏற்பார்கள், ஆனால் வேறு வழியில் தவறுவார்கள். ஒழுங்கானவருக்கு விதி முழுசாகப் புரிய வேண்டும். அரைகுறையாகச் சொன்னால் செய்யாமலே நிறுத்திவிடுவார். இணக்கமானவர் அலுவலகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, யாரும் போடாத சித்தப்பா வீட்டில் கழற்றிவிடுவார். அவர் எந்த நெறிக்கும் எதிரி இல்லை. எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுடைய நெறி அவருக்கு நெறி.

இந்த இரு பண்புகளையும் 'நல்ல பிள்ளை' குணமாக மட்டும் பார்ப்பதில் ஒரு ஆபத்து உண்டு. பிரான்சில் 2010இல் ஒளிபரப்பான ஒரு போலித் தொலைக்காட்சிப் போட்டியில், தப்பாகப் பதில் சொல்பவருக்கு மின்சார அதிர்ச்சி தரும்படி பங்கேற்றவர்களிடம் சொன்னார்கள். அதிர்ச்சி போலி, ஆனால் அது அவர்களுக்குத் தெரியாது. பிற்பாடு அவர்கள் குணத்தை அளந்து பார்த்தபோது, இணக்கமும் ஒழுங்கும் கூடுதலாக இருந்தவர்களே அதிக அளவு வரை விசையை அழுத்தியிருந்தார்கள். சொல்பவர் யார் என்பதைப் பொறுத்து அதே குணம் ஊருக்கு நல்லதும் செய்யும், கெட்டதும் செய்யும்.

புதுமை நாட்டம் வேறு விதம். இது கூடுதலாக உள்ளவர் பழைய நெறியை எளிதில் கைவிடுவார். அதனாலேயே புதியதை முதலில் தொடுவார். 2020 மார்ச்சில் மாஸ்க் போட்டவரை அடங்கியவர் என்பதா, ஊரை எதிர்த்தவர் என்பதா? அந்த வாரத்து நடப்பு நெறிப்படி அவர் கலகக்காரர். ஆறு மாதம் கழித்து அதே மாஸ்க்கோடு நல்ல குடிமகன். ஒரே செயலுக்கு நாள்தான் பெயர் வைக்கிறது.

கலகலப்பைப் பற்றி ஒரு வரி. ஊரடங்குக் காலத்தில் பிரேசிலில் செய்த ஆய்வில், கலகலப்பு அதிகம் உள்ளவர்கள் விலகியிருக்கும் விதியைக் குறைவாக மதித்தார்கள். இதை எதிர்ப்புக் குணம் என்று படிக்க வேண்டியதில்லை. அந்த விதி அவர்களிடமிருந்து பிடுங்கியது அதிகம், அவ்வளவுதான்.

இனி அளவு. பெருந்தொற்றுக் கால ஆய்வுகளில் ஒரு பண்புக்கும் விதியைக் கடைப்பிடிப்பதற்கும் இருந்த தொடர்பு பெரும்பாலும் 0.1, 0.2 என்ற சிறிய எண்களில்தான் நின்றது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). 0.2 என்றால் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் 4 சதவீதத்தை அந்தப் பண்பு விளக்குகிறது என்று பொருள். பக்கத்து வீட்டுக்காரர் மாஸ்க் போடாததை வைத்து அவர் ஜாதகத்தையே எழுதிவிட முடியாது.

முரண்டு

ஐந்து பண்புகளுக்குள் சரியாக அடங்காத ஒன்று இருக்கிறது. 'இதைச் செய்யாதே' என்று யாராவது சொன்ன நொடியில் அதைச் செய்ய வேண்டும் போல ஒரு உந்துதல் எழுகிறதல்லவா, அதை உளவியலாளர் ஜாக் பிரெம் 1966இல் ஒரு கோட்பாடாக எழுதினார். முரண்டு உணர்வு என்று வைத்துக்கொள்வோம்: தனக்கு இருப்பதாக நினைத்த ஒரு சுதந்திரம் பறிபோகும்போது அதைத் திரும்பப் பிடிக்க எழும் உந்துதல்.

இது எழ இரண்டு நிபந்தனைகள் உண்டு. அந்தச் சுதந்திரம் தன்னுடையது என்று அவர் முன்பே நம்பியிருக்க வேண்டும். அது பறிபோவதாகத் தோன்ற வேண்டும். எவ்வளவு கடுமையாகப் பறிக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு முரண்டும் கூடும்.

அமெரிக்காவின் மயாமி நகரம் இதற்கு நல்ல உதாரணம். பாஸ்பேட் கலந்த சலவைத்தூள் நீர்நிலைகளைக் கெடுக்கிறது என்று 1972இல் அங்கே தடை வந்தது. மக்கள் வாங்கிப் பதுக்கினார்கள்; பக்கத்து மாவட்டங்களிலிருந்து கடத்தியும் வந்தார்கள். வேடிக்கை அதோடு முடியவில்லை. தடை இல்லாத டாம்பா நகரத்துப் பெண்களோடு ஒப்பிட்டால், மயாமிப் பெண்கள் அந்தத் தூளுக்கு அதிக மதிப்பெண் கொடுத்தார்கள்: நன்றாக வெளுக்கிறது, துணிக்கு மென்மையாக இருக்கிறது என்று. தூள் அதேதான். கைக்கு எட்டாமல் போனதும் சரக்கு உயர்ந்துவிட்டது.

இந்த உணர்வு ஆளுக்கு ஆள் வேறுபடும்; அளக்க 11 கூற்றுகள் கொண்ட ஒரு வினாத்தாளும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,000 பேருக்கு மேல் கேட்ட ஒரு ஆய்வில் 16 சதவீதம் பேர் மாஸ்க் போடாதவர்கள். அவர்களிடம் தூக்கலாகத் தெரிந்தவை இரண்டு: மாஸ்க்கால் பயனில்லை என்ற நம்பிக்கை, கட்டாயப்படுத்துவதன் மேல் முரண்டு. இரண்டும் கைகோத்துக்கொள்ளும். முரண்டு முதலில் வந்து, அதற்குத் தோதான காரணத்தைப் பிறகு தேடிக்கொள்வதும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் புள்ளிவிவரம் காட்டினால் அவருக்கு அது இன்னொரு கட்டாயமாகத்தான் படும்.

தன் வழி போகிறவரும் எதிர்வழி போகிறவரும்

ஒத்துப்போகாதவர்கள் எல்லோரையும் ஒரே கூடையில் போடுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய குழப்பம். 1960களில் உளவியலாளர் ரிச்சர்ட் வில்லிஸ் இதை இரண்டாகப் பிரித்தார். கும்பல் என்ன சொன்னாலும் தன் கணக்கைத் தானே போட்டுப் பார்ப்பவர் தனித்து நிற்பவர். அவர் முடிவு சில நேரம் கும்பலோடு பொருந்தும், சில நேரம் பொருந்தாது. கும்பல் கிழக்கே போனால் மேற்கே போகிறவர் எதிர்ப்பவர்.

கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: ஊர் நாளைக்கே தன் நிலையை மாற்றிக்கொண்டால் இவரும் மாறுவாரா? தனித்து நிற்பவர் இருந்த இடத்தில் இருப்பார். எதிர்ப்பவர் உடனே மறுபக்கம் போய் நிற்பார். அவரையும் ஊர்தான் ஓட்டுகிறது, பின்கியரில்.

இதுவரை பார்த்தது: ஒத்துப்போவதற்குத் தகவல், ஒப்புதல் என இரண்டு அழுத்தங்கள். ஒத்துப்போகாததற்குச் சொந்தக் கணக்கு, முரண்டு என இரண்டு காரணங்கள். யாரிடம் எது ஓடுகிறது என்று தெரியாமல் ஒரே மருந்தை எல்லோருக்கும் கொடுத்தால் பாதிப் பேருக்கு எதிர்விளைவுதான்.

தனி ஆளிலிருந்து ஊருக்கு: துணை எண்

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978இல் ஒரு எளிய கணக்கைப் போட்டார். அதைப் பந்தியில் வைத்துப் பார்க்கலாம். நூறு இலை. ஒவ்வொருவருக்கும் ஒரு துணை எண் உண்டு: தான் எழுவதற்கு முன் எத்தனை பேர் எழுந்திருக்க வேண்டும் என்ற எண்ணிக்கை. ஒருவருக்கு 0, யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். அடுத்தவருக்கு 1, அதற்கடுத்தவருக்கு 2, இப்படியே 99 வரை. முதலாமவர் எழுந்தால் 1 உள்ளவர் எழுவார், அதைப் பார்த்து 2 உள்ளவர், கடைசியில் பந்தியே காலி.

இப்போது ஒரே ஒரு ஆளை மாற்றுங்கள். 1 உள்ளவருக்குப் பதிலாக இன்னொரு 2. முதலாமவர் எழுவார், 2 உள்ளவர்கள் இன்னும் ஒருவருக்காகக் காத்திருப்பார்கள். 99 பேரும் உட்கார்ந்தே இருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் முதல் பந்தியை 'அவசரக்கார ஊர்' என்பார், இரண்டாவதை 'அடக்கமான ஊர்' என்பார். இரண்டு பந்தியிலும் 99 பேர் அதே குணம் உள்ளவர்கள்.

ஒருவருடைய துணை எண்ணைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் குணத்தின் வேலை. இணக்கம் கூடினால் எண் கூடும். புதுமை நாட்டம் கூடினால் குறையும். எதிர்ப்பவருக்கோ இன்னொரு விசித்திரம்: செய்பவர்களின் எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்டினால் அவர் அதைக் கைவிட்டுவிடுவார்.

மனதில் இருப்பதை வெளியே காட்டாதபோது இந்தக் கணக்கு இன்னும் மோசமாகப் பிசகும். சவூதி அரேபியாவில் ரியாத் நகரத்து இளம் கணவர்களிடம் நடத்திய ஆய்வில், பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போவதை 87 சதவீதம் பேர் தனிப்பட்ட முறையில் ஆதரித்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மற்றவர்களின் ஆதரவைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். உண்மை எண்ணைச் சொன்னதும் மனைவியை வேலைவாய்ப்புச் சேவையில் பதிய வைப்பவர்கள் அதிகமானார்கள். யாருடைய குணமும் மாறவில்லை. எத்தனை பேர் துணை என்பது தெரிந்தது.

ஒரு குடியிருப்பில் போட்டுப் பார்ப்போம்

40 வீடுகள் உள்ள அடுக்ககம். திடக்கழிவு விதிகள் குப்பையைப் பிரித்துத் தரச் சொல்கின்றன, யாரும் செய்வதில்லை. சங்கம் அதை நெறியாக்கப் பார்க்கிறது.

முதல் வாரம் 40 வீட்டுக்கும் சுற்றறிக்கை வேண்டாம். ஆர்வமுள்ள நான்கைந்து வீடுகள் போதும், அவை ஒரே மாடியில் இருந்தால் நல்லது. மக்கள் மொத்தக் கணக்கைப் பார்ப்பதில்லை, எதிர்வீட்டு வாசலைப் பார்க்கிறார்கள். தொட்டிகள் காலையில் வாசலில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

தொடங்குபவர் யார் என்பது முக்கியம். குழுவோடு நெடுநாள் ஒத்துப்போனவருக்கு ஒருமுறை விலகி நடக்கும் 'வரவு' சேர்ந்திருக்கும் என்று உளவியலாளர் எட்வின் ஹாலண்டர் 1958இல் எழுதினார். தண்ணீர் மோட்டார் பழுதானால் ஓடிவரும் மூன்றாம் மாடி மாமா தொடங்கினால் எடுபடும். போன மாதம் குடிவந்து கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை போடுபவர் தொடங்கினால், பச்சைத் தொட்டியே அவர் கட்சிச் சின்னமாகிவிடும்.

ஒழுங்கானவர்களுக்காக ஒரு பட்டியலை ஒட்டுங்கள், சந்தேகத்துக்கு இடமில்லாமல். முட்டை ஓடு, காய்கறித் தோல் பச்சைத் தொட்டி. அலசிய பால் கவர், அட்டைப்பெட்டி நீலம். நாப்கின், டயபர் தாளில் சுற்றித் தனியாக. காலாவதியான மாத்திரை, பேட்டரி, டியூப்லைட் தனியாக. பால் கவர் எதில் என்று தெரியாததாலேயே பலர் மூன்றாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள்.

இணக்கமானவர்களை நேரில் கேட்டால் போதும். முரண்டு பிடிப்பவரிடம் 'கட்டாயம்', 'இனி யாரும்' என்ற சொற்களைத் தவிர்த்து, இரண்டு நேரங்களில் எது வசதி என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிரான்சில் 2000இல் வெளியான ஒரு சோதனையில், தெருவில் பேருந்துக்குக் காசு கேட்டபோது 10 சதவீதம் பேர் கொடுத்தார்கள். 'தருவதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்' என்று சேர்த்ததும் 47.5 சதவீதம்.

தனித்து நிற்பவர் கேட்பது ஒன்றுதான்: பிரித்த குப்பை எங்கே போகிறது? வண்டிக்காரர் இரண்டு தொட்டியையும் ஒரே இடத்தில் கொட்டினால் அவர் செய்ய மறுப்பது நியாயம். முதலில் வண்டியைச் சரிசெய்ய வேண்டும்.

அறிவிப்புப் பலகையில் 'இன்னும் 30 வீடுகள் பிரிப்பதில்லை' என்று எழுதுவது பெரிய தவறு. கண்டிப்பதாக நினைத்துக்கொண்டு, பிரிக்காததுதான் நடப்பு நெறி என்று விளம்பரம் செய்கிறோம். அமெரிக்காவின் அரிசோனாவில், கல்லாய் உறைந்த பழங்கால மரங்கள் கிடக்கும் கல்மரக் காட்டில் இதைச் சோதித்தார்கள். 'பலர் கல்மரத் துண்டுகளை எடுத்துப்போகிறார்கள்' என்று வருந்திய பலகை இருந்த பாதையில் ஏறக்குறைய 8 சதவீதத் துண்டுகள் காணாமல் போயின. 'எடுக்காதீர்கள்' என்று மட்டும் சொன்ன பாதையில் 2 சதவீதத்துக்கும் குறைவு. 'போன மாதம் 4 வீடு, இந்த மாதம் 10' என்று எழுதலாம்.

சராசரியைப் போடுவதிலும் ஒரு கண்ணி உண்டு. கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் நகரில் 2007இல் வெளியான ஆய்வில், அக்கம்பக்கத்துச் சராசரி மின்செலவைச் சொன்னதும் அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். குறைவாகச் செலவழித்தவர்களோ கூட்டிவிட்டார்கள். அவர்கள் சீட்டில் ஒரு சிரித்த முகம் வரைந்ததும் அது நின்றது.

சமூகவியலாளர் டேமன் சென்டோலா குழு 2018இல் வெளியிட்ட இணையச் சோதனைகளில், உறுதியாக நின்ற சிறுபான்மை 25 சதவீதத்தை எட்டும்போது மொத்தக் குழுவும் திரும்பியது. 40 வீட்டுக்கு அது 10 வீடு. சோதனையில் யாருக்கும் காலை ஆறு மணிக்குக் கை நாறவில்லை என்பதால், நடைமுறையில் இன்னும் சில வீடுகள் தேவைப்படலாம். அபராதம் பற்றிப் பேசுவதென்றால் பாதி வீடுகளுக்கு மேல் பிரிக்கத் தொடங்கிய பிறகு பேசுங்கள். அதற்கு முன்னால் போட்டால் பிரிக்காத பெரும்பான்மை ஒன்றுசேர்ந்துவிடும். கடைசி மூன்று நான்கு வீடுகளுக்கு நோட்டீஸ் அனுப்பும் முன் ஒருமுறை கதவைத் தட்டிக் கேட்பது நல்லது. இரண்டாவது தொட்டி வைக்க அந்தச் சமையலறையில் இடமே இல்லாமல் இருக்கலாம், அல்லது குப்பை எடுத்துப்போகும் அக்கா வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வேலை முடித்துக் கிளம்பிவிடுபவராக இருக்கலாம்.